நாற்பத்தொன்றில் மட்டும் அலை

ஜனவரி 9

அன்பு எறும்புக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போதுமான அளவு தூங்குகிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். நீ வழக்கம்போல் பொய் சொல்லலாம்.

உன் ஆராய்ச்சிக்குக் கேட்ட நாற்பது ஸ்லைடுகளும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. எல்லாம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்த சிறுநீரகச் சதை. மெழுகில் பொதிந்து அலமாரியில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தவை. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல் சிறுநீரக டாக்டரம்மாவின் பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. அனுமதித் தாளை மடித்து அடியில் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு சீவலும் மூன்று மைக்ரான். ஒரு தலைமுடியின் கனத்தில் இருபது சீவலை அடுக்கிவிடலாம். முப்பத்தொரு வருஷமாக இந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறேன். சுற்றச் சுற்ற மெழுகுக் கட்டி கத்திமேல் இறங்குகிறது, சீவல் நாடாவாக நீள்கிறது, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்துகிறேன். இதற்குப் படிப்பு தேவையில்லை, மூச்சை அடக்கத் தெரிந்தால் போதும். பெருமூச்சு விடுகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. அதனால்தான் உன் அம்மா சேரவில்லை.

ஃபோனில் பேசக்கூடாதா என்பாய். ஃபோனை எடுத்தால் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு பக்கத்துப் பேச்சையும் அவளே பேசிவிடுகிறாள். பெட்டி எப்படியும் போகிறது, அதன் தலையில் ஒரு கடிதமும் போகட்டும்.

அப்புறம் ஒரு விண்ணப்பம். நீ அங்கே என்னதான் தேடுகிறாய் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் பத்தாவதை இரண்டு தடவை படித்தவன், பிடித்துப்போய் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

பெட்டியில் நூறு பள்ளம் இருக்கிறது. சின்னப் பெட்டி கிடைக்கவில்லை. மீதி காலியாகத்தான் வரும், பயப்படாதே.

உன் நலம் கோரும்,
கத்திக்கார அப்பா

⁂

அதே நாள். பெட்டியில் வைக்காமல் என் மேஜை இழுப்பறையில் வைத்தது.

எறும்பு,

இதை நீ படிக்கப்போவதில்லை. அதனால் நலம் விசாரிக்கவில்லை.

பெட்டியில் இருப்பது நாற்பத்தொன்று. கடைசி ஸ்லைடு நான்தான்.

நவம்பரில் கால் வீங்கியது. செருப்பு சின்னதாகிவிட்டது என்று செருப்பைத் திட்டினேன். புதுச் செருப்பு வாங்கினேன், அதுவும் சின்னதாகிவிட்டது. டாக்டரம்மா ரத்தம் பார்த்தார், சிறுநீர் பார்த்தார், கடைசியில் முதுகில் ஊசியைச் செருகி ஒரு நூலளவு சதை எடுத்தார். மறுநாள் என் மேஜைக்கு வந்த மெழுகுக் கட்டிகளில் ஒன்று என்னுடையது. எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

சீவல்களுக்குச் சாயம் ஏற்றும் எங்கள் சாயக்காரம்மா, "அண்ணே, இத நான் வெட்டுறேன், நீங்க தள்ளுங்க" என்றார். "முதுகுல ஒருத்தர் குத்தியாச்சு. மிச்சத்த நானே பார்த்துக்குறேன்" என்றேன். வீறாப்பு. சக்கரத்தைப் பிடித்ததும் வீறாப்பு மணிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டது.

ரிப்போர்ட் வந்தது. பாதிக்கு மேல் மீளாத வடு என்று இருந்தது. 'மீளாத' என்கிற சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு டாக்டரம்மா மெதுவாகப் பேசினார். ஒரு வருஷத்தில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்குத் தயாராக வேண்டியிருக்கலாமாம். கத்தியை விட்டுவிட்டு உட்காருகிற வேலை ஏதாவது பார்க்கச் சொன்னார். தலையை ஆட்டினேன். வெளியே வந்தபிறகுதான் கோபம் வந்தது. நான் எப்போதும் கொஞ்சம் மெதுவு.

அதே கட்டியிலிருந்து இன்னொரு சீவல் எடுத்து உன் பெட்டியில் வைத்துவிட்டேன். தப்புதான். ஆனால் அதை உன் கண் பார்க்க வேண்டும், மகளின் கண் பார்க்கக் கூடாது. எண்ணைப் பார்த்து நீ சொல்வதைத்தான் நான் நம்புவேன். பெயரைப் பார்த்தால் நீ அழுவாய், அழுகிறவள் எண்ணிக்கையில் தப்பு விடுவாள்.

அப்பா

⁂

பிப்ரவரி 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இரண்டில் ஒன்று பொய்.

ஸ்லைடுகள் ஒன்றுகூட உடையாமல் வந்தன. என் பக்கத்து மேஜைத் தோழி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன மெஷின்ல வெட்டினது?" என்றாள். "எங்கப்பா" என்றேன். அவள் நம்பவில்லை.

இரண்டு சந்தேகங்கள். பட்டியலில் நாற்பதுதான், பெட்டியில் நாற்பத்தொன்று. அந்தக் கடைசி ஸ்லைடில் அலை வேறு இருக்கிறது. ஒரு வரி தடிமன், அடுத்த வரி மெல்லிசு. உங்கள் சீவலில் நான் அலையே பார்த்ததில்லை. கத்தி மழுங்கிவிட்டதா?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சிறுநீரகம் என்றால் லட்சக்கணக்கான நுண்குழாய்கள். ஒவ்வொரு குழாயின் உள்சுவரிலும் ஓடு பதித்தாற்போல் செல்கள். சர்க்கரையோ, ரத்த அழுத்தமோ, வடிகட்டியில் ஒழுகும் புரதமோ, ஏதோ ஒன்று இந்தச் செல்களை அடிக்கிறது. உள்ளே சக்தி தரும் சின்னச் சின்ன அடுப்புகள் உடைகின்றன. செல் செத்துப்போனால் பக்கத்துச் செல் இரண்டாகப் பிரிந்து அந்த இடத்தை அடைத்துவிடும். நல்ல ஏற்பாடுதான்.

சில செல்கள் மட்டும் பிரிய ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிடுகின்றன. சாவதும் இல்லை, பிரிவதும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே "இங்க காயம், ஆள் அனுப்பு" என்று ரசாயனத்தில் கத்திக்கொண்டே இருக்கின்றன. குழாய்களுக்கு இடையில் சும்மா இருந்த வேறு வகைச் செல்கள் அதைக் கேட்டு உருமாறி, கயிறு திரிக்கத் தொடங்குகின்றன. காயத்தைக் கட்ட ஒரு நாளைக்குக் கயிறு நல்லது. ஆனால் கத்தல் நிற்காததால் கயிறும் நிற்பதில்லை. அது பக்கத்து ரத்தக் குழாயை நெரிக்கிறது. காற்று கிடைக்காமல் அடுத்த செல் காயப்படுகிறது, அதுவும் கத்துகிறது. இதுதான் வடு.

என் வேலை, நடுவில் நின்ற அந்தச் செல்களுக்குப் பழுப்பு நிறம் ஏற்றி ஒவ்வொன்றாக எண்ணுவது. எறும்பு என்று பெயர் வைத்தவர் நீங்கள்தானே.

அம்மாவுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எறும்பு

⁂

பிப்ரவரி 19

அன்பு எறும்புக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அம்மா உப்பு டப்பாவை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். காரணம் கேட்காதே, அவளுக்கு அவ்வப்போது இப்படி ஒரு கொள்கை பிறக்கும்.

உன் பாடத்தை மூன்று தடவை படித்தேன். நடுவில் நின்ற செல் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன். உன் பெரியப்பாதான். எல்லைச் சுவர்ச் சண்டை முடிந்து பத்து வருஷமாகிறது. சுவரே விழுந்துவிட்டது. இன்னமும் பஞ்சாயத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். போகிறவன் ஒவ்வொருவனும் ஒரு கயிற்றோடு போகிறான், வருகிறவன் கழுத்தில் அது விழுகிறது. நானும் பத்தாவதில் அப்படி நடுவில் நின்றவன்தான், ஆனால் கத்தவில்லை. கத்தியது உன் தாத்தா.

நாற்பத்தொன்று ஒன்றுமில்லை. எண்ணும்போது கை தவறியிருக்கும். கத்தியும் பழசு. பட்டியலில் இல்லாததை உன் கணக்கில் சேர்க்காதே. ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டது, சும்மா ஒரு பார்வை பார்த்து எப்படி இருக்கிறதென்று எழுது. வெட்டியவனுக்குத் தன் வேலை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் நல்லதுதானே. மற்ற நாற்பதை அவசரமில்லாமல் பார்.

ஜலதோஷம் பிடிக்காமல் இரு. அந்த ஊர்க் குளிர் உன் மூக்கைக் குறிவைத்தே வீசுகிறது.

கத்திக்கார அப்பா

⁂

ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? பதில் தாமதமாகிவிட்டது, கோபம் வேண்டாம். நாற்பதையும் எண்ணி முடித்தேன். கண்ணை மூடினால் பழுப்புப் புள்ளிதான் தெரிகிறது.

இங்கே ஒரு சண்டை. எங்கள் ஆராய்ச்சித் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரப்பர். பிடிக்காததை அழித்துவிடுவார். நாற்பதில் ஏழு ஸ்லைடுகளில் வடு பாதிக்கு மேல் இருக்கிறது. அந்த ஏழையும் எடுத்துவிடச் சொன்னார்.

"அதெல்லாம் முடிஞ்ச கேஸ்மா. அங்க கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

"சார், சத்தம் அங்கதான் அதிகமா இருக்கு. முடிஞ்சு போன இடத்துல யார் கத்துவா?"

அவருக்குப் பிடிக்கவில்லை. ஏழு ஸ்லைடையும் எடுத்துவிட்டால் வரைபடத்தில் கோடு அழகாக வரும், கட்டுரை சீக்கிரம் அச்சாகும். ஆனால் அப்பா, நடுவில் நின்ற செல்கள் அந்த ஏழில்தான் நெருக்கமாக இருக்கின்றன, அதுவும் வடுவின் விளிம்பில். அவை உயிரோடு இருப்பதால்தான் கத்துகின்றன. எலிகளில் அந்தக் கத்தலை ஒரு மருந்தால் அடக்கினேன். பழைய வடு போகவில்லை. ஆனால் வளருவதை நிறுத்திக்கொண்டது. அப்படியானால் இந்த ஏழு பேரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரப்பர் அவர்களைத்தான் முதலில் தூக்கச் சொல்கிறார். நான் தூக்கப்போவதில்லை.

நீங்கள் கேட்ட நாற்பத்தொன்றையும் பார்த்தேன், கணக்கில் சேர்க்காமல். நூறில் ஐம்பத்தெட்டு பங்கு வடு. விளிம்பில் நிறையப் பழுப்புப் புள்ளிகள். ஆனால் ஒரு மூலையில் ஏழெட்டுக் குழாய்கள் அடுத்தடுத்து, ஒழுங்காகப் பிரிந்து, சுவரைத் தாங்களே சரிசெய்துகொண்டிருக்கின்றன. சுற்றிலும் கயிறு நெருக்கியிருக்கிறது, இவை பாட்டுக்கு வேலை பார்க்கின்றன. யாரென்று தெரியவில்லை, பிடிவாதக்கார ஆசாமி. தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அலைதான் உறுத்துகிறது. ஒரு முறை கத்தியை மாற்றிப் பாருங்கள்.

எறும்பு

⁂

ஏப்ரல் 20

அன்பு எறும்புக்கு,

சௌக்கியம், சௌக்கியம். இரண்டு தடவை எழுதியிருக்கிறேன் என்றால் நிஜமாகவே.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். சாயக்காரம்மா கடந்து போகும்போது, "என்னண்ணே, லாட்டரி விழுந்துச்சா?" என்றார். ஏழெட்டுக் குழாய் விழுந்தது என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

இங்கேயும் ஒரு ரப்பர் கிளம்பியிருக்கிறார். ஆய்வுக்கூட மேலாளர். நான் கத்தியை விட்டு இறங்கி, பதிவு ஜன்னலில் உட்கார்ந்து சீட்டு எழுத வேண்டுமாம். வயது, ஓய்வு, அக்கறை என்று என்னென்னவோ சொன்னார். ஜன்னலில் உட்காருவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. அங்கே இருப்பவர் என்னைவிட அழகாக எழுதுவார், என் கையெழுத்தை நானே மறுநாள் படிக்க முடியாது. ஆனால் முப்பத்தொரு வருஷம் சுற்றிய சக்கரத்தை, ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார் என்பதற்காக விடவேண்டுமா?

"சார், என் கை நடுங்கட்டும். அன்னைக்கு நானே எந்திரிச்சுப் போறேன். அதுவரைக்கும் என் நாற்காலியை யாரும் தூக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் தும்மினாலே எழுந்து நிற்கிற ஆள் நான் என்று அவருக்குத் தெரியும், அதனால் மிரண்டுபோனார். நானும்தான்.

நாற்பத்தொன்றைப் பற்றி ஒரு சந்தேகம், தொழில் ஆர்வத்தில்தான் கேட்கிறேன். அந்த ஏழெட்டுக் குழாய் அப்படியே எத்தனை காலம் வேலை பார்க்கும்? ரிப்போர்ட்டுகளில் 'மீளாத' என்று எழுதுகிறார்களே, அது வடுவைச் சொல்வதா, ஆளைச் சொல்வதா? அந்த மூலையைப் பெரிதாக்கிப் படம் எடுத்திருந்தால் ஒன்று அனுப்பு. இங்கே சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

அந்த ஏழு பேரை விடாதே. மெழுகுக்குள் இருந்துகொண்டு அவர்களால் வாதாட முடியாது.

கத்திக்கார அப்பா

⁂

ஜூன் 14

அன்பு எறும்புக்கு,

நான் எழுதி எட்டு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் அம்மா ஃபோன் செய்தால் "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாயாம். என்னிடம் கொடுக்கவே சொல்லவில்லையாம். ரப்பர் உன்னையும் அழித்துவிட்டாரா?

நான் முன் கடிதத்தில் எதையாவது தப்பாகக் கேட்டிருந்தால் விட்டுவிடு. படம் வேண்டாம். நாற்பத்தொன்றும் வேண்டாம், அதைக் குப்பையில் போடு.

ஒரே ஒரு வரி எழுது. எறும்பு ஊர்ந்த தடமாவது தெரியட்டும்.

அப்பா

⁂

ஜூன் 28

அப்பாவுக்கு,

கடிதத்தில் முதல் வரியாக எல்லாரும் எழுதுகிற கேள்வியை இன்றைக்கு உண்மையாகவே கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

நாற்பது ஸ்லைடுகளில் அலை இல்லை, நாற்பத்தொன்றில் மட்டும் அலை. கத்தி மழுங்கினால் எல்லாவற்றிலும் வரும், ஒரே அளவாக வரும். இது அப்படியில்லை. சக்கரம் சுற்றிய கை நின்று நின்று போயிருக்கிறது. யார் எவர் என்று தெரியாத ஆயிரம் பேரின் சதையை அசையாமல் வெட்டிய கை, யாருக்காக நிற்கும்?

முதலில் அம்மா என்று நினைத்தேன். இரண்டு வாரம் அந்த நினைப்போடு ஆய்வுக்கூடத்துக்குப் போய் வந்தேன். ஃபோனில் அவள் குரல் கேட்டால், வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் உப்பு டப்பா நினைவுக்கு வந்தது. அம்மா அதை ஒளித்தது உங்களிடமிருந்து. நாற்பது பேரை அனுப்பிவிட்டு, பட்டியலில் இல்லாத ஒருவரைப் பற்றி மட்டும் கடிதத்துக்குக் கடிதம் விசாரித்திருக்கிறீர்கள்.

இதை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதனால்தான் எட்டு வாரம்.

நாற்பத்தொன்று நீங்கள்தானே? ஆம், இல்லை இரண்டில் ஒன்றை எழுதுங்கள். ஜோக் வேண்டாம்.

உங்கள் மகள்

⁂

ஜூலை 5

அன்பு எறும்புக்கு,

ஆம்.

ஜோக் வேண்டாம் என்றாய். ஒரு வரி வரைக்கும் தாக்குப்பிடித்தேன், அதற்கு மேல் என்னால் ஆகவில்லை.

ஜனவரியில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது, செருப்பு உட்பட. உன் அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். உன்னிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். சத்தியத்தைக் காப்பாற்றினாள், அதற்குப் பழியாக உப்பை எடுத்துக்கொண்டாள்.

இப்போது நிலவரம். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. டாக்டரம்மா ஒருநாள் மெஷின் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பெண் பார்க்கப் போன மாதிரி ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். மெஷினில் குறை ஒன்றும் இல்லை, லட்சணமாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் இப்போதைக்கு எண்ணமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வேளை வந்தால் மறுக்கமாட்டேன். ஆனால் வேளை வருவதற்கு முன்பே மாலையைப் போட்டுக்கொண்டு உட்காரமாட்டேன்.

மீளாத என்றார்கள். முடிந்தது என்கிறார் உன் ரப்பர். ஜன்னலுக்குப் போ என்கிறார் என் ரப்பர். இத்தனை பேர் சேர்ந்து என்னைக் கணக்கு முடிக்கும்போது, உள்ளே ஏழெட்டுக் குழாய் யாரையும் கேட்காமல் சுவர் பூசிக்கொண்டிருக்கிறது என்றாயே, அன்றைக்கு மாடிப்படியில் எனக்கு வந்தது சந்தோஷம் என்று நினைத்தேன். யோசித்தால் அது ரோஷம். என் சதைக்கு இருக்கிற ரோஷம் எனக்கு இல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்?

மூன்று உத்தரவு. ஒன்று, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே. வந்தால் கதவைத் திறக்கமாட்டேன். உன் அம்மா திறப்பாள், அது வேறு விஷயம். இரண்டு, உன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. ஒரு குடும்பத்துக்கு ஒரு முதுகில் ஓட்டை போதும். மூன்று, அந்த ஏழு பேரை விடாதே. ஒவ்வொரு ஸ்லைடுக்குப் பின்னாலும் என் மாதிரி ஒருவன் செருப்பைத் திட்டிக்கொண்டிருப்பான்.

உன் எட்டு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்கு நான் ஜோக் சொல்லப்போவதில்லை.

அப்பா

⁂

ஆகஸ்ட் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜனவரிக் காகிதத்தைப் படித்தேன். அழுதேன். எண்ணிக்கையில் தப்பு விடவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்ய எனக்கு வரும், இனி என்னை அந்தச் சாக்கில் ஏமாற்ற வேண்டாம்.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்றை உறையில் போட்டு ஒட்டி, மேலே 'ஆய்வில் சேராதது' என்று எழுதிவிட்டேன். அனுமதி இல்லாத சதை, வெட்டியவரே கொடுத்தவர், பார்த்தது மகள். இதைவிடக் கோணலான ஸ்லைடு உலகத்தில் இருக்காது. என் அப்பா என்பதற்காக விதியை வளைத்தால் நானும் ரப்பர்தான்.

அடுத்தது. நான் பார்த்தது ஒரு நூலளவு. மூலையில் ஏழெட்டுக் குழாய் என்றால் முழுச் சிறுநீரகமும் அப்படி என்று அர்த்தமில்லை. மீளாதது வடு. அந்த ஐம்பத்தெட்டை என்னால் மாற்றி எழுத முடியாது. மீதி நாற்பத்திரண்டு வடு இல்லை. அந்தச் சொல்லை அதன்மேல் எழுத யாருக்கும் உரிமையில்லை. என் மருந்து எலிக்கு மட்டும்தான், உங்களுக்கு வர எத்தனை வருஷமாகும், வருமா என்றே தெரியாது. உங்களுக்கு உள்ளது டாக்டரம்மா கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை. நினைவு வந்தால் போடுகிறீர்களாமே, அம்மா சொன்னாள். ரோஷம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற ஆளுக்கு மாத்திரை போடக் கை வணங்கவில்லையா? அந்த ஏழெட்டுக் குழாய்க்கு நீங்கள் செய்யக்கூடிய ஒரே உதவி அதுதான்.

இனி சண்டை. போன வாரம் எல்லார் முன்னாலும் என் கணக்கை வைத்தேன். ஏழு ஸ்லைடையும் எடுத்துவிட்டுக் கொண்டுவரச் சொன்னார் ரப்பர்.

"ஏழையும் எடுக்கிறதா இருந்தா என் பேரையும் சேர்த்து எடுத்துடுங்க சார்" என்றேன்.

ஆய்வுகளின் புள்ளிக்கணக்கைச் சரிபார்க்கும் வயதான அம்மா ஒருவர் உண்டு, எப்போதும் வாயே திறக்கமாட்டார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "எதுக்கு எடுக்கணும்? எனக்கு அந்த ஏழைத்தான் முதல்ல பார்க்கணும்" என்றார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். கட்டுரையில் ஏழும் இருக்கின்றன, தனி அட்டவணையாக.

பதிலுக்கு ரப்பர் என் மேஜையை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்து, சதையை உறையவைக்கும் உறைபெட்டிகள் இரையும் அறையில் போட்டுவிட்டார். உங்களை ஜன்னலுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள், என்னை ஜன்னலிலிருந்து துரத்துகிறார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எண்ணுகிறேன்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி காலை வருகிறேன், பத்து நாள். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். கதவை நீங்களே திறங்கள்.

எறும்பு

⁂

அக்டோபர் 6

அன்பு எறும்புக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? நீ பத்து நாள் இருந்துவிட்டுப் போனதில் உன் அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேச ஆள் கிடைத்த பரபரப்பில். மாத்திரைப் பெட்டியில் நீ ஒட்டிய கிழமைச் சீட்டுகளின்படி நடக்கிறேன். நேற்றைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா "ரத்தத்துல கழிவு ஏறலை" என்றார். இறங்கவும் இல்லை. நின்ற இடத்தில் நிற்கிறது. நிற்பதில் எனக்குப் பழக்கம் உண்டு என்று சொன்னேன். பத்தாவது வகுப்புக் கதை அவருக்குத் தெரியாததால் சிரிக்கவில்லை.

நீ ரயில் ஏறிய மறுநாள் மேலாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். என் ரிப்போர்ட் அவர் கைக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. பதிவு ஜன்னலுக்கு மாற்றல் உத்தரவு. "அண்ணே, உங்க நல்லதுக்குத்தான்" என்று இந்தத் தடவை அண்ணே வேறு போட்டார்.

எழுந்து நின்றேன். "கை நடுங்கினா போறேன்னு சொன்னேன். நடுங்குதான்னு இப்பவே பார்த்துடுங்க. எல்லாரையும் கூப்பிடுங்க."

டாக்டரம்மா வந்தார், சாயக்காரம்மா வந்தார், பதிவு ஜன்னல்காரரும் ஜன்னலை மூடிவிட்டு வந்தார். எந்தக் கட்டியை வெட்டுவது என்று கேட்டார்கள். என்னுடையதை எடுக்கச் சொன்னேன். சாயக்காரம்மா, "வேண்டாம்ணே" என்று மெதுவாகச் சொன்னார். போன தடவை அருகில் நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

டாக்டரம்மாவிடம் முறைப்படி அனுமதிப் படிவம் கேட்டு வாங்கிப் பூர்த்தி செய்தேன். அதற்கப்புறம்தான் கட்டியைப் பனிக்கட்டிமேல் குளிரவைத்து, கத்தியைத் துடைத்து, சக்கரத்தில் கை வைத்தேன். போன தடவை அந்த வெள்ளை மெழுகுக்குள் நூலாகத் தெரிந்ததைப் பார்த்தபோது இதுதான் என் முடிவு என்று தோன்றியிருந்தது. இந்தத் தடவை எந்தப் பக்கத்து மூலையில் அந்த ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று தேடினேன். வெறுங்கண்ணுக்கு எங்கே தெரியும்? ஆனால் தேடுகிறவனுக்குப் பயப்பட நேரம் இருப்பதில்லை போலிருக்கிறது.

பன்னிரண்டு சீவல். அறுபடாமல் ஒரே நாடா. வெந்நீரில் விட்டதும் விரிந்து படுத்தது. மேலாளர் குனிந்து பார்த்தார். முகம் தண்ணீருக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்தது. "மூச்ச அடக்குங்க சார், பறந்துடும்" என்றேன். அடக்கினார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு மேலாளர் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான்.

மாற்றல் உத்தரவை ஆறு மாதம் தள்ளி வைத்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து மறுபடி வெட்டிக் காட்ட வேண்டுமாம். காட்டுகிறேன். நடுங்கினால் நானே ஜன்னலுக்குப் போகிறேன். அங்கேயும் ஒழுங்காகத்தான் உட்காருவேன், கையெழுத்துதான் திருந்தாது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று, நீ வந்தபோது திருப்பிக் கொண்டுவந்த இந்தப் பெட்டியில் இருக்கிறது. எண் நாற்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு போக மீதி என்று நினைத்து வைத்த எண் அல்ல, வரிசையில் அடுத்தது அதுதான். வெளிச்சத்தில் தூக்கிப் பார், அலை இருக்கிறதா சொல். அதோடு நிறுத்திக்கொள், பழுப்புப் புள்ளியை நீ எண்ணாதே.

டாக்டரம்மா கையெழுத்திட்ட அனுமதித் தாள் அடியில் இருக்கிறது. சதை கொடுத்தவர் என்கிற இடத்தில் என் கையெழுத்து. வெட்டியவர் என்கிற இடத்திலும் என் கையெழுத்து. ஸ்லைடைப் படிப்பவர் என்கிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே உன் தோழி பெயரைப் போடு. நான் மெஷின் இல்லை என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

உறைபெட்டி அறையில் காதை மூடிக்கொண்டு உட்கார். பார்த்து முடித்ததும் பெட்டியை எனக்குத் திருப்பி அனுப்பு. அதில் நூறு பள்ளம் இருக்கிறது, நாம் இன்னும் பாதிகூட நிரப்பவில்லை.

கத்திக்கார அப்பா